பின்னில் ஒரு சுற்று டேப்

டிவி மெக்கானிக் தன் பெரிய மகன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, நேரே ஹாலுக்குப் போய் டிவிக்குப் பின்னால் தலையை விட்டார். மனைவியைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை? ஊகும்.

“எவன்டா கனெக்‌ஷன் கொடுத்தது? எலி கூடு கட்டின மாதிரி இருக்கு.”

“கடையிலேருந்து ஆள் வந்து மாட்டிட்டுப் போனாங்கப்பா. நல்லாத்தானே பாடுது” என்றான் மகன்.

“நல்லா பாடுதாம்! மெக்கானிக் பெத்த பிள்ளை பேசற பேச்சா இது? ஏய் டார்ச், இங்க வா.”

டார்ச் என்றால் அவர் மனைவி. கல்யாணமான இரண்டாவது வாரம் வைத்த பெயர். வீட்டு முன்னறைதான் அன்று கடை. அவர் டிவிப் பெட்டியின் முதுகைக் கழற்றிக் கையை உள்ளே விடுவார். அவள் பக்கத்தில் நின்று டார்ச் அடிக்க வேண்டும். குழந்தை அழுதாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, நகரக் கூடாது. ஒருநாள் வெளிச்சம் கொஞ்சம் ஆடியதில் அவர் விரலில் சுரீரென்று ஷாக் அடித்துவிட்டது. கையிலிருந்த சூடான சால்டரிங் ராடை அப்படியே அவள் மணிக்கட்டில் வைத்து எடுத்தார். “இனிமே ஆடாது பாருங்க” என்று எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பாவி மனுஷன், சொன்னது பலித்துவிட்டது. அதற்கப்புறம் முப்பது வருஷமும் ஆடவில்லை.

அவர் கண் மங்கிக் கடையை மூடிய பிறகு பிள்ளைகள் இருவரும் பெற்றவர்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா பெரியவனுக்கு, அப்பா சின்னவனுக்கு. சின்னவன் கல்யாணம் வேண்டாமென்று இருப்பவன், ஷிஃப்ட் வேலை. அங்கே பொட்டலச் சாப்பாடு, பேச்சுத்துணைக்குச் சுவர். அதட்டினால் ஓடிவர ஓர் ஆள் இல்லாத வீட்டில் மனுஷன் எப்படி இருப்பார்? பெரியவனுக்குப் போன்மேல் போன் போட்டு அரித்து எடுத்தார்.

“சரிப்பா, ஒரு மாசம் வந்து இருங்க. எல்லாருக்கும் ஒத்து வந்தா இங்கயே இருந்துடுங்க. இல்லன்னா தம்பிகிட்டயே போயிடணும், அப்புறம் கேக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தான் அவன்.

எல்லாருக்கும் என்றால் மருமகளுக்கு என்று மெக்கானிக் புரிந்துகொண்டார். மகன் வாயில்லாப்பூச்சி. மருமகளைக் கைக்குள் போட்டுக்கொண்டால் போதும், சாகும்வரை இங்கே ராஜா. மனைவிக்கு ஒத்துவருமா என்ற கேள்வியே அவர் மண்டைக்குள் எழவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு ஒத்து வராமல் எங்கே போகும்?

அன்று சாயங்காலத்துக்குள் பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதிதாகக் கனெக்‌ஷன் கொடுத்தார். கேபிள் பெட்டியிலிருந்து படத்துக்கு ஓர் ஒயர் டிவிக்கு. சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின் ஆம்ப்ளிஃபையருக்கு; அங்கிருந்து அறையின் நாலு மூலைக்கும் ஸ்பீக்கர். டிவியின் சொந்த ஸ்பீக்கர் போன வருஷமே கிழிந்துவிட்டதால் ஆம்ப்ளிஃபையர் பாடினால்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் அவள் டார்ச் பிடித்தாள். வேலை முடிந்ததும் அவர் வால்யூமைத் திருகினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

அன்றிலிருந்து நாலு நாள் அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே! விடிந்தால் செய்தி, மத்தியானம் சண்டைப்படம், சாயங்காலம் பட்டிமன்றம். அதற்கு மேல் அவர் குரல். “டீ எங்க?” “இது டீயா, கழுநீரா?” “எங்க போய் தொலைஞ்சா இவ?” கூப்பிட்டது காதில் விழாமல் அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு பாட்டு. ஏழு மாதமாக மத்தியானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தவள் இப்போது உட்காருவதே இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், படம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

“என்னடி பண்ண டிவியை?”

“நான் என்ன பண்ணேன்?” என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றினார், ஃபியூஸைப் பார்த்தார், ஸ்பீக்கர் ஒயரை ஒவ்வொன்றாக அசைத்தார். சிவப்பு, வெள்ளைப் பின்கள் இறுக்கமாகத்தான் செருகியிருந்தன. “புதுசு வாங்கிடலாமா மாமா? என் சீரியல் வேற போச்சு” என்று கேட்டாள் மருமகள். மெக்கானிக்குக்கு மானமே போயிற்று. மூன்றாம் நாள் ஏதோ தோன்றி வெள்ளைப் பின்னை வெளியே உருவி மூக்குக்கு நேரே பிடித்தார்.

நடுக்கம்பியின்மேல் செலோடேப். ஒரே ஒரு சுற்று. சிவப்பிலும் அப்படியே. நகத்தால் வருடினால் மட்டும்தான் தெரியும்.

அவருக்கு முதலில் வந்தது கோபமல்ல, பெருமை. ஏனென்றால் அது அவருடைய சொந்த வித்தை. பேரம் பேசுகிற வாடிக்கையாளருக்கென்றே கண்டுபிடித்தது. பெட்டியை ரிப்பேர் செய்து கொடுக்கும்போதே பின்னில் ஒரு சுற்று டேப். வீட்டுக்குக் கொண்டுபோனால் பாடாது. வேறு எந்த மெக்கானிக் வந்து பார்த்தாலும் பின் செருகித்தான் இருக்கும். தலையைச் சொறிந்துவிட்டுப் போவான். கடைசியில் இவர் காலில்தான் வந்து விழ வேண்டும். அந்த வித்தையை அவர் ஒரு ஈ காக்காய்க்குச் சொன்னதில்லை. இரண்டு சாண் தள்ளி நின்று டார்ச் பிடித்தவளை அவர் ஆளாகவே எண்ணியதில்லை, அதனால் அவள் நினைவுக்கு வரவில்லை.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பெரியவன் சின்ன வயதில் கடைக்குள் ஒளிந்து விளையாடுவான். பார்த்திருப்பான். பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான். அந்த மருமகள், மாமனாரைக் கிளப்ப நாடகம் ஆடுகிறாள். சீரியல் போச்சாம்! நடிப்பைப் பார்.

டேப்பை உரித்தார், சத்தம் வந்தது. மறுநாள் குளித்துவிட்டு வந்தால் மறுபடி டேப். உரித்தார். மறுபடி. நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது. யாரிடமும் மூச்சு விடாமல், உரித்த டேப்பையெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் சேர்த்து வைத்தார். கையும் களவுமாகப் பிடித்து மகன் கண்ணெதிரே நிறுத்தினால், அவன் பெண்டாட்டியை நாலு கேட்பான். வெட்கத்தில் அவள் வாய் அடங்கும். அப்புறம் யார் இவரைப் போகச் சொல்வது? நினைக்க நினைக்க இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில். குளிக்கப் போகுமுன், மகனுடைய முத்திரை மையை எடுத்து இரண்டு பின்களின் அடிப்பக்கத்திலும் பூசினார். நீலம், தொட்டால் லேசில் போகாது. குளியலறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தண்ணீரை ஓடவிட்டார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து டிவியைப் போட்டார். சத்தம் இல்லை.

“எல்லாரும் இங்க வாங்க!”

மகன் பேப்பரோடு வந்தான். மருமகள் சீப்போடு வந்தாள். மெக்கானிக் கண்ணாடிக் கூட்டிலிருந்து டேப்புத் துணுக்குகளை மேஜைமேல் கொட்டினார்.

“ஒரு வாரமா எவளோ ஒருத்தி என்னை முட்டாளாக்கறா. நான் இங்க இருக்கறது அவளுக்குப் பிடிக்கல. பின்னுல டேப் சுத்தறா. இன்னிக்கு நான் அதுல மை வெச்சிருக்கேன். கையைக் காட்டும்மா, மருமகளே.”

“என்ன மாமா இது, என்னைப் போய்…” என்றாள் மருமகள். சீப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். சுத்தம். மகனும் நீட்டினான். அவன் கையிலும் ஒன்றுமில்லை.

மெக்கானிக் இருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது மனைவி டீ டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். டம்ளரைப் பிடித்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலம்.

“நீயா?”

“நான்தான்.”

“கழுவக்கூடத் தெரியலையாடி?”

“மை இருக்கறது தொட்டதும் தெரிஞ்சுது. கழுவணும்னு தோணல.”

“ஏம்மா?” என்றான் மகன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தே சொன்னாள். “ஒத்துவருமான்னு என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. டிவி பாடலன்னா நீங்களே கிளம்பிடுவீங்கன்னு நினைச்சேன். ஏழு மாசம் நிம்மதியா இருந்தேன். ஒருத்தரும் என்னை டார்ச்னு கூப்பிடல. நீங்க போயிடுங்க.”

மெக்கானிக் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “கேட்டியாடா உங்கம்மா பேசறதை? எத்தனை வருஷம் சோறு போட்டிருக்கேன்! எவ்வளவு திமிர் பாரு!”

மகன் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தான். அந்தத் தழும்பு அங்கேயே இருந்தது. சின்ன வயதில் கடைக்குள் ஒளிந்து விளையாடியவன் டேப்பைப் பார்க்கவில்லை, அம்மாவுக்குச் சூடு வைத்ததைப் பார்த்திருந்தான்.

“பையை எடுத்து வைங்கப்பா” என்றான். “தம்பிக்கு நான் போன் பண்றேன்.”

“டேய், அங்க பேச ஒரு ஆள் கிடையாதுடா. நான் வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கறேன். சத்தமே வைக்கல, போதுமா?” மருமகளிடம் திரும்பினார். “நீயாவது சொல்லும்மா.”

மருமகள் சீப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பை கட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலுக்கு வந்தவரை மனைவி நிறுத்தினாள். அவர் முகத்தில் ஒரு கணம் ஆசை எட்டிப் பார்த்தது.

“அந்த டேப்பை உரிச்சு, ஒழுங்கா மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க. அவ சீரியல் பாக்கணும்.”

“நீயே உரிச்சுக்கோயேன்.”

“சுத்தத்தான் எனக்குத் தெரியும். மாட்டறது உங்க தொழில். வாங்க, நான் டார்ச் பிடிக்கறேன்.”

அவர் பையை வைத்துவிட்டு டிவிக்குப் பின்னால் மண்டியிட்டார். வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து சரியாகப் பின்மேல் விழுந்தது. வெள்ளையை உரித்துச் செருகினார். சிவப்பை உருவினார். நகம் டேப்பில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையும் வழுக்கியதும் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

“டார்ச்சை ஆட்டாதடி!”

“டார்ச் ஆடல” என்றாள் அவள். “உங்க கைதான் ஆடுது.”

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு குனிந்தபடியே டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து, பின்னைச் செருகினார். நாலு மூலையிலிருந்தும் சத்தம் வந்தது. அவள் டார்ச்சை அணைத்து, ரிமோட்டை எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு வால்யூமைக் குறைத்தாள். மகன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தான்.