சாப்பிட்டாச்சு என்கிற ஊர்

கொரிய மலைக்கிராமமான பாம்கோலில் யாரைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாலும் "சாப்பிட்டாச்சு" என்றுதான் பதில் வரும். படுக்கையை விட்டு அப்போதுதான் எழுந்து வந்தவரும் அதையேதான் சொல்வார். கேட்பவருக்கும் அது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தெரியாதது மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும்தான். போன வருடம் அது கையில் கேள்வித்தாளோடு ஓர் ஆளை அனுப்பி, தனியாக இருக்கும் முதியவர்களிடமெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தது. ஒருவர் விடாமல் எல்லாரும் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று ஊர்க்கூடத்தில் நடந்துகொண்டிருந்த இரவுச் சாப்பாட்டுக்கான பணத்தை அலுவலகம் நிறுத்திவிட்டது. மதியச் சாப்பாடு மட்டும் மிஞ்சியது.

கூடத்தில் சமைப்பவள் ஹேரான். கடற்கரை ஊரான உல்ஜினிலிருந்து இந்த மலைக்குக் கல்யாணமாகி வந்தவள், அதனால் ஊருக்கே அவள் உல்ஜின்காரி; கல்யாணமாகி வந்த பெண்களைப் பிறந்த ஊர்ப் பேரால் கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம். மதியம் பந்தியில் உட்காருகிறவர்கள் முதல் கவளத்தை எடுக்கிற வேகத்தைப் பார்த்தாலே முந்தின ராத்திரி யார் வெறும் வயிற்றோடு படுத்தார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிடும். பணத்தைத் திரும்பக் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் கணினியைத் திருப்பிக் காட்டி, "நீங்க சொல்றீங்க பசின்னு, அவங்க சொல்றாங்க நிறைவுன்னு. நான் யாரை நம்பணும்?" என்று கேட்டார். ஹேரானுக்கு வந்த கோபம் வீடு வந்து சேர்ந்த பிறகும் அடங்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் அவள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். கிராமத்தில் வாழ்கிறவர்களே தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஒரு வருடம் ஆராய்வதற்கு சியோலில் ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது. பெரிய படிப்பு வேண்டாம், ஆனால் அறிக்கை மாவட்ட மன்றத்தில் வாசிக்கப்படும். ஹேரானுக்கு வேண்டியது அதுதான். மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழ வேண்டும், ராத்திரி அடுப்பு மறுபடி எரிய வேண்டும். முதல் தடவை, ஆதாரம் போதாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. மதியப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதே மேஜையில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினாள். தனியாக வாழும் முதியவர்களின் இரவுச் சாப்பாடு என்று தலைப்பு வைத்தாள். இந்தத் தடவை எழுத்துச் சுற்றில் தேறிவிட்டாள். நடுவர் ஒருவர் நேரில் வந்து மூன்று வீடுகளைப் பார்த்துப் போவார், அதோடு முடிவு என்று கடிதம் வந்தது.

மூன்று வீடு கிடைப்பதற்குள் ஹேரானுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. யார் வாசலில் நின்றாலும், எங்கள் வீட்டில் என்ன குறை, சியோலில் இருக்கும் பிள்ளைகள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள் என்றே பேச்சு. கடைசியில் ஊர்த்தலைவர் பியோன் தோக்ஸுவிடம் போய் நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் மூன்று பேர் சம்மதித்தார்கள். மனிதர் நல்லவர்தான். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகியும் சட்டை கசங்காமல் நடமாடுகிறவர், காலையில் ஒலிபெருக்கியைத் தட்டி ஊரையே எழுப்புகிறவர். ஊர்ப் பெருமை என்றால் மட்டும் அவருக்குக் கண் மண் தெரியாது.

நடுவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒலிபெருக்கி கரகரத்தது.

"தலைவர் பேசறேன். வியாழக்கிழமை சியோல்ல இருந்து பேராசிரியர் வராங்க. நம்ம உல்ஜின்காரிக்குக் குடுக்கலாமா வேணாமான்னு பாத்துட்டுப் போவாங்க. யாரும் கிழிஞ்ச செருப்போட வெளிய வர வேணாம். மிளகா நாத்துக்கு மூடுற பிளாஸ்டிக்கை ரோட்டோரத்துல போட்டவங்க எடுத்துடுங்க. என்ன கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஹேரான் ஏப்ரனோடு ஓடினாள்.

"தலைவரே, நல்லா இருக்கோம்னு சொன்னா எனக்கு ஏன் குடுப்பாங்க?"

"நல்ல ஊருக்குத்தானே குடுப்பாங்க. சுத்தமான ஊருன்னு அன்னைக்குக் கேடயம் குடுக்கலையா?"

"இது கேடயம் இல்ல. ஊர்ல என்ன குறைன்னு ஆராயறதுக்குக் குடுக்கறது."

"குறையைச் சொல்லிக் காசு வாங்கறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு இருக்கு, உல்ஜின்காரி." அவர் குரல் உயரவில்லை. "உனக்கு நல்லது நடக்கணும்னுதான் இவ்வளவும் பண்றேன். போ, அடுப்புல என்னமோ தீயுது பாரு."

தீய்ந்துதான் போயிருந்தது. அன்றைக்கு முள்ளங்கிக் குழம்பில் கருகல் வாடை அடித்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானப் பேருந்தில் பேராசிரியர் மேங் வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண்மணி. தலைவர் குனிந்து வணங்கி, ஊரின் கேடயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, கூடவே நடந்து வந்தார். வர வேண்டாம் என்று சொல்ல ஹேரானுக்கு வாய் வரவில்லை.

முதல் வீடு யோங்ஜுக்காரம்மாவுடையது. இரண்டு நாள் முன்பு ஹேரான் இந்தக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். காரம் சேர்த்துப் புளிக்கவைத்த கிம்ச்சிக் காய் ஒரு டப்பா, கண்ணில் விடுகிற மருந்து, வேறொன்றும் கிடையாது. இன்று திறந்தால் கீரை, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு என்று ஏதேதோ அடுக்கியிருந்தது. நடுவில் பெரிய அலுமினியச் சட்டியில் முள்ளங்கி போட்டு வேகவைத்த கானாங்கெளுத்தி மீன்.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இதெல்லாம்தான். தின்னு தீர்க்க முடியல." யோங்ஜுக்காரம்மா ஹேரானின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஒரு துண்டு எடுத்துக்குங்க. இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மா போறதா?"

பேராசிரியர் மரியாதைக்கு வால்துண்டை எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டாவது வீட்டுக்குப் போகிற வழியில் தலைவர் வேண்டுமென்றே நடையைத் தளர்த்தினார். நின்று நின்று மலையைக் காட்டினார், ஓடையைக் காட்டினார், போன வருடம் போட்ட சிமெண்டுப் பாதையைக் காட்டினார். அந்த நேரத்தில் பின்பக்கச் சந்தில் ஒரு பாட்டியம்மாள் ஊன்றுகோலுக்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு நடக்கும் சின்னத் தள்ளுவண்டியோடு, அவர் வயதுக்கு ஆகாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். வண்டியின் பைக்குள்ளிருந்து அலுமினியச் சட்டியின் விளிம்பு எட்டிப் பார்த்தது. ஹேரான் அதைப் பார்த்துவிட்டாள்.

பொங்ஹ்வாக்காரம்மா வீட்டிலும் கீரை இருந்தது, முட்டை இருந்தது, அலுமினியச் சட்டியில் கானாங்கெளுத்தி இருந்தது. வால்துண்டு மட்டும் இல்லை. பேராசிரியர் அதற்கு அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக சாங்ஜுக்காரம்மா வீட்டுக்குப் போனபோது அதே சட்டியில் இரண்டு துண்டு குறைந்திருந்தது.

பேராசிரியர் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மீனும் நானும் மத்தியானத்துல இருந்தே பழக்கம்னு நினைக்கிறேன்," என்றார்.

தலைவரின் காது மடல்கள் சிவந்தன. வாசலில் தள்ளுவண்டிப் பாட்டியம்மாள் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். சாங்ஜுக்காரம்மா சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியின் கதவை மெதுவாக மூடினார்.

ஹேரானுக்குத் தலைக்கு மேல் போய்விட்டது. ஒரு வருட உழைப்பை ஒரு சட்டி மீனில் முடித்துவிட்டார்கள். இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"மேடம், நீங்க பாத்ததெல்லாம் பொய். ஊரே சேர்ந்து ராத்திரி முழுக்கச் சமைச்சிருக்காங்க. எனக்குக் கிடைக்கணும்னு நல்ல மனசுலதான் பண்ணியிருக்காங்க. பசின்னு ஒரு வார்த்தை சொல்றதைவிட ஒரு சட்டியை மூணு வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடறது இவங்களுக்கு லேசா இருக்கு. இதைத்தான் நான் ஆராயணும்னு கேக்கறேன்."

"புரியுது," என்றார் பேராசிரியர். பையிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். "ஆனா இதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்க? மாசம் ஒரு தடவை வீடு வீடாப் போய்க் கேள்வித்தாளை வச்சுக் கேப்பேன்னு எழுதியிருக்கீங்க. மாவட்ட அலுவலகமும் அதைத்தானே பண்ணுச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் உண்மையைச் சொல்லுவாங்க?"

கேள்வி நியாயமானது என்று ஹேரானுக்கே தெரிந்தது. ஒரு வருடமாக அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே அவள் அதே கேள்வித்தாளை இன்னும் அழகாக எழுதி வைத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய முட்டாள் என்று தன்னையே நொந்துகொண்டாள். காலையிலிருந்து பதற்றத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

"என்னடீ, நீ சாப்பிடலையா?" என்றார் சாங்ஜுக்காரம்மா.

"சாப்பிட்டாச்சும்மா," என்றாள் ஹேரான்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பிறகு பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? நானே சொல்லிட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டா யார் வாயிலயும் வேற பதில் வராது. அதனால நான் கேக்கப் போறதில்ல. சாயங்காலமாப் போய் வாசல்ல நின்னு, எனக்குப் பசிக்குது, சோறு போடுங்கன்னு சொல்லப் போறேன். இந்த ஊர்ல பசின்னு வந்து நின்னவங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. இருக்கறதை எடுத்து வைப்பாங்க. இல்லாததும் அப்பத் தெரிஞ்சுடும். கூட உக்காந்து சாப்பிடுவேன். ஒரு வருஷம் இப்படித்தான்."

பேராசிரியர் முதல் முறையாக அவளை நன்றாகப் பார்த்தார்.

"சொல்லாம கொள்ளாமப் போகணும். சட்டி நமக்கு முன்னாடி போய்ச் சேரக் கூடாது."

"சேராது."

"எனக்குக் கடைசிப் பேருந்து வரைக்கும் நேரம் இருக்கு. காட்டுங்க. இந்த மூணு வீடு வேணாம்."

ஹேரான் சுற்றிப் பார்த்தாள். வாசலில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, இரவுச் சாப்பாட்டுக்கான நேரம்தான். யார் வீட்டுக்குப் போவது என்று அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. போனால் ஒன்று எல்லாம் கிடைக்கும், இல்லை ஊரில் தலை காட்ட முடியாமல் போகும். துணிந்துதான் கேட்டாள்.

"தலைவரே, எனக்குப் பசிக்குது. உங்க வீட்டுல சோறு போடுங்க."

தலைவர் அவளை வெறித்துப் பார்த்தார். "கூடத்துல போய்…" என்று ஆரம்பித்தார்.

"கூடத்துல ராத்திரி அடுப்பு கிடையாதே."

அவர் மீன் சட்டியைப் பார்த்தார். பேராசிரியர் அதன் மூடியை எடுத்து மூடி வைத்தார். இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல பியோன் தோக்ஸுவால் முடியாது, அது அவர் பிறந்த ஊரின் வழக்கம் இல்லை. வாங்க என்றுகூடச் சொல்லாமல் முன்னால் நடந்தார்.

வீட்டு முற்றம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சமையலறையில் விளக்கைப் போட அவர் கொஞ்சம் தயங்கினார். அடுப்பின் மேல் தூசு படிந்திருந்தது. மூலையில் உடனடி நூடுல்ஸ் அட்டைப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. ரைஸ் குக்கரின் மூடியைத் திறந்ததும் பழைய சோற்று வாடை வந்தது. என்றைக்கோ வடித்த சோறு, சூட்டிலேயே கிடந்து மஞ்சளாகி ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. மதியம் கூடத்துக்கு அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார், மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவார். பந்தியில் எல்லாருடைய முதல் கவளத்தையும் பார்த்தவள் அவருடையதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

அவர் சோற்றைச் சுரண்டி மூன்று கிண்ணத்தில் வைத்து வெந்நீரை ஊற்றினார். நடுவில் கிம்ச்சியை வைத்தார்.

"உக்காருங்க. தொட்டுக்க வேற ஒண்ணும் இல்ல."

மூவரும் உட்கார்ந்தார்கள். ஹேரான் உண்மையிலேயே பசித்துத்தான் சாப்பிட்டாள். பேராசிரியரும் கரண்டியைக் கீழே வைக்காமல் சாப்பிட்டார். தலைவர் இரண்டு வாய் எடுத்த பிறகுதான் பேசினார், அதுவும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒருத்தனுக்காக அரிசி களையறதுக்கு வெக்கமா இருக்கு. அவ இருந்தவரைக்கும் அப்படித் தோணினதில்ல."

ஆறுதல் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று ஹேரானுக்குத் தெரியும். கிம்ச்சியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் பேராசிரியர் விண்ணப்பத்திலிருந்த கேள்வித்தாள் பக்கங்களை மட்டும் உருவி ஹேரானிடம் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுட்டு, சாங்ஜுக்காரம்மா வீட்டுல சொன்னதை அப்படியே எழுதித் திங்கட்கிழமைக்குள்ள அனுப்புங்க. முடிவு பண்றது நான்தான், அதனால இப்பவே சொல்லிடறேன். உங்களுக்குத்தான்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு வீடாவது மனசாரச் சம்மதிக்கணும். இன்னைக்குப் பாத்ததை இவங்க எழுதலாமாங்கய்யா?"

தலைவர் காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேரை வேணும்னா போட்டுக்குங்க. ஊர் பேரைப் போடாதீங்க."

"ரெண்டையும் போட மாட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர்தான்."

"நம்பரா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ ஒண்ணாம் நம்பர் எனக்கு. தலைவர் நான் இருக்கும்போது அந்த யோங்ஜுக்காரியா முதல்ல வருவா?"

ஹேரான் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பேராசிரியர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். அவரை நிறுத்தம் வரை கொண்டுவிட ஹேரானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். தலைவர் காலிக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"ஏ உல்ஜின்காரி, நாளைக்கும் வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லு. புதுசா அரிசி களையணும்."

"சொல்ல மாட்டேன் தலைவரே," என்றாள் ஹேரான். "தினமும் களைஞ்சு வைங்க."