நீக்கியதை மட்டும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தன்னைத் தொலைபேசியில் அழைத்த ஒருவரைப் பற்றி என் நாத்தனார் துணி மடித்துக்கொண்டே சொன்னது. ஒலிப்பதிவுகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்றின் உதவிப் பிரிவில் அவளுக்கு வேலை. அந்த வசதி எங்கே, இந்த வசதி எங்கே என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். அந்த மென்பொருளுக்குச் சொந்தமாக வெட்டவும் ஒட்டவும் மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் யார் யாரோ எழுதிச் சேர்த்த செருகுநிரல்கள், அதாவது ப்ளக்-இன்கள்.

"அது வெறும் அலமாரி அண்ணி. தட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் செஞ்சு மாட்டினது. எவன் எதுக்கு என்ன பேர் வச்சிருக்கான்னு தேடித் தரத்தான் எனக்குச் சம்பளம்."

(இந்த உவமையை என்னுடையதாகவே எழுதிவிடலாமா என்று சற்று நேரம் யோசித்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'முதிய இசையமைப்பாளர் தன் பழைய பதிவுகளை'

இல்லை. இசையமைப்பாளர் எதற்கு உதவிப் பிரிவை அழைக்கிறார்? அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். மேற்பார்வையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்காக, வீட்டில் கைப்பேசியில் பதிந்து பதிந்து பேசிப் பழகியவர். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. பதிலும் சொல்லவில்லை.

தொழிலும் நேர்முகத் தேர்வும் என் கற்பனை. பதிவும் கேள்வியும் சொல்லாத பதிலும் நாத்தனார் சொன்னவை.*

3

அவள் என்ன கேட்டாள் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. தேடல் பெட்டியில் 'பின்னால் கேட்கும் குரல்' என்று தட்டியிருக்கிறார். இரைச்சல் நீக்கும் செருகுநிரல்களாக வந்து நின்றன. ஒன்றை நிறுவியும் பார்த்துவிட்டுத்தான் உதவிப் பிரிவை அழைத்தார். நாத்தனாரும் வழக்கமான கேள்விதான் என்று நினைத்து, இன்னும் அழுத்தமாக நீக்குவது எப்படி என்று விளக்கத் தொடங்கினாள்.

"சுத்தம் பண்ணப் பண்ண அவதாம்மா போயிடறா. நான்தான் மிஞ்சுறேன். எனக்கு நான் வேண்டாம்."

4

முதல் வரைவில் மனைவியைச் சாகடித்தேன். எளிதாக இருந்தது. இரண்டாவதில் கோபித்துக்கொண்டு போகவைத்தேன். அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, கதை என் பக்கம் சாய்ந்தது. நாத்தனாரைத் துருவினேன். "அவ இப்ப இங்க இல்லம்மா" என்று மட்டும்தான் சொன்னாராம். மேலே கேட்பது உதவிப் பிரிவின் வேலை இல்லையாம்.

என் வேலையா? தெரியவில்லை. இங்கே இல்லாத ஒருத்திக்காக ஏங்குவதற்கு அவள் எங்கே

5

அதே செருகுநிரலின் அமைப்புகளில், ஆகக் கடைசியில், சின்னக் கட்டம் ஒன்று உண்டு: 'நீக்கியதை மட்டும் கேட்க'. தேவைக்கு மேல் வெட்டிவிட்டோமா என்று சரிபார்ப்பதற்காக வைத்தது. யாரும் அதைத் தேடி வருவதில்லை. நாத்தனார் அவரை அங்கே கூட்டிப்போனாள். மனைவியின் குரலை இரைச்சல் என்று ஒப்புக்கொண்டால்தான் அது கிடைக்கும். அவர் ஒப்புக்கொண்டார்.

அவள் கேட்டிருக்கக்கூடியவை:

(அ) "லைட்டை அணைக்கவா?"

(ஆ) "என்மேல கோபமா?" (அடித்துவிட்டேன். இது நான் கேட்க நினைப்பது.)

(இ) "யார்கிட்ட

6

அவர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். அதனால் அந்தக் குரல் நாத்தனாருக்குக் கேட்கவில்லை. மவுஸ் சொடுக்கும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி சொடுக்கு. மறுபடியும். வேறு உதவி வேண்டுமா என்று கேட்க இவள் வாயெடுத்தபோது அவர் பேசினார். இவளிடம் இல்லை.

............................................

"இல்ல, எனக்கு வேணாம். நீ எடுத்துக்கோ."

நாத்தனார் மெல்ல இணைப்பைத் துண்டித்தாள். புள்ளி வைத்திருக்கும் வரியில் அவள் கேள்வியாக நான் எழுதிப் பார்த்ததெல்லாம் என் குரலிலேயே இருந்தது. நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

———

* இதை எழுதும்போது பக்கத்து அறையிலிருந்து என் கணவர் ஏதோ கேட்டார். "ம்" என்றேன். என்ன கேட்டார் என்று தெரியாது.