பெண்கள் கேட்ட திரை

அன்று பள்ளிவாசல் மதரசா கூடத்தில் இருந்தவர்கள்: ஜமாஅத் தலைவர் கமாலுதீன் ராவுத்தர், கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர், லாரி பாடி பட்டறையில் வெல்டராக இருக்கும் ஜாபர். திரைக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சபுரா, துணைக்கு ஜெய்த்தூன், சென்னையிலிருந்து வந்த அபிநயா.

நாமக்கல்லில் அந்தப் பள்ளிவாசலில் ஒரு பெண் தன் வழக்கில் தானே பேசப் போவது அதுதான் முதல் தடவை. அதுவரை பெண்ணுக்காக அவள் அத்தா பேசுவார், இல்லாவிட்டால் அண்ணன் பேசுவான். அவள் வீட்டில் உட்கார்ந்து முடிவைக் கேட்டுக்கொள்வாள். அதை மாற்றத்தான் ஜெய்த்தூன் தினமும் கோழிப்பண்ணை வேலை முடிந்ததும் கமிட்டி ஆட்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குலா, அதாவது மனைவியே மணமுறிவு கேட்பது, மார்க்கம் கொடுத்த உரிமை. அதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும், வேறு யாரும் பேசக் கூடாது என்று வாதாடினாள்.

திரையைக் கேட்டதும் பெண்கள்தான். ஜாபர் கை நீட்டுகிறவன் இல்லை. ஒரு பார்வை பார்ப்பான், சபுராவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் முகம் தெரியாவிட்டால் பேசிவிடுவேன் என்றாள். திரை என்றதும் தலைவர் உடனே சரி என்றுவிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம் ஏன் என்று ஜெய்த்தூனுக்கு அன்றே உறுத்தியது.

அபிநயா ஒரு வெளிநாட்டுப் பெண்ணுரிமை அமைப்பின் ஆள். ஜமாஅத்தில் நடக்காவிட்டால் கோர்ட்டுக்கு வக்கீல் தருவார்கள் என்றுதான் ஜெய்த்தூன் அவளை வரவிட்டாள். முக்காடு இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அபிநயா பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டாள். முக்காடு என் பாடு, விடுங்க என்று ஜெய்த்தூன் சொல்லியிருந்தாள்.

"எனக்கு இவரோட இருக்க முடியாதுங்க மாமா," என்று சபுரா ஆரம்பித்தாள். குரல் தெளிவாக இருந்தது.

அபிநயா எழுந்து திரையை ஒரே இழுப்பாக விலக்கிவிட்டாள். முகத்தைக் காட்டியே பேசுங்கள், பயப்படாதீர்கள் என்றாள். கையில் போன் தயாராக இருந்தது.

ஜாபர் பார்த்தான்.

ஏன் இருக்க முடியாது என்று தலைவர் இரண்டு மூன்று தரம் கேட்டார். சபுரா பாயைப் பார்த்தபடி இருந்தாள். ஜெய்த்தூன் திரையை மறுபடி இழுத்துவிட்டாள். பயனில்லை, பார்வை உள்ளே வந்துவிட்டது.

"காரணம் வேணுமில்ல கண்ணு? நீயே சொல்லிரு ஜெய்த்தூனு," என்றார் தலைவர்.

"ஆமா, அவங்களுக்காக நீங்க பேசுங்க," என்றாள் அபிநயா.

ஜெய்த்தூனுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தாள். இன்று சபுராவுக்காக இவள் பேசினால், நாளைக்கு அடுத்தவளுக்கு அண்ணன் வந்து உட்காருவான். பேசாவிட்டால் சபுரா திரும்ப அவன் வீட்டுக்கே போய்விடுவாள். இது கொள்கையா வீம்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அவதான் சொல்லோணும். இன்னொரு நாள் வெச்சுக்குங்க மாமா."

வைக்கலாம், அதுவரை புருஷன் வீட்டில் இருக்கட்டும் என்று தலைவர் எழுந்துவிட்டார். இனிமேல் எந்தப் பெண் வந்தாலும் திரை கட்டாயம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். ஜெய்த்தூனால் வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

வாசலில் அபிநயா, நான் செய்தது தப்பா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் ஜெய்த்தூன். தெரியவும் இல்லை.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று சபுராவின் கையைப் பிடித்தாள்.

"பாப்பா அங்க மாமியாகிட்ட இருக்குதுக்கா. நா எப்படி வாரது?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள், "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்."

ஜாபர் முன்னால் நடந்தான். சந்து முனையில் அவன் வீடு. சபுரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஜாபர் ஜெய்த்தூனைப் பார்த்து, மரியாதையாகவே, வாங்கக்கா என்றான். அவள் அசையவில்லை. அவனும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டில் சாவி திரும்பியது.