சாயம் போகும் என்று சொல்லப் பழகியவள்

மகளின் வாய்ச்சொல்லுக்கு விலை முப்பத்தோராயிரம் ரூபாய். சேக் இஸ்மாயில் அதை ரொக்கமாகக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார். கொடுத்த இடம் விளாங்குடியில் ஒரு மாடிவீட்டின் கார் ஷெட். ஸ்டாண்டு இல்லாததால் சுவரில் சாய்த்து வைத்திருந்த கறுப்பு ரோடு பைக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மோதிரத்தால் அதன் குழாயைத் தட்டிப் பார்த்தார். எங்கும் பிசிறில்லாத ஒரே ஓசை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. இம்புட்டு நல்ல சாமானை ஒருத்தன் எதற்கு விற்கிறான்?

விற்கிறவன் பெயர் சூரியபிரகாஷ். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஆறடி உயரம். வந்ததும் மோர் கொடுத்தான். சேக் இஸ்மாயில் அதையும் ஒரு கணம் முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார். விளக்குத்தூண் பக்கம் முப்பது வருஷமாகக் கைலிக் கடை வைத்திருக்கிறவருக்கு, கேட்காமல் கொடுக்கிற மோரின் விலை சரக்கில் ஏறும் என்று தெரியாதா?

பைக் மகள் ஆயிஷா சித்திகாவுக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் மூச்சு விடாமல் முடிக்கிற டிரையத்லான் பந்தயம் ஒன்றில் போன வருஷம் கலந்துகொண்டாள். தண்ணீரிலிருந்து மூன்றாவதாக ஏறியவளை, இரவல் வாங்கிய லேடீஸ் சைக்கிளில் ஊரே முந்திக்கொண்டு போனது. கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். இந்த வருஷப் பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அதில் முதல் பத்துக்குள் வந்தால்தான் மாநில அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். கடையில் புது பைக் அறுபதாயிரத்துக்குக் குறையாது என்பதால் பழசுக்கு வந்திருந்தார்கள். பாதிப் பணம் அவள் சம்பளத்தில் சேர்த்தது. மீதிக்கு அத்தாவிடம் 'சரி' வாங்க அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

"முப்பத்தஞ்சு போட்டிருந்தேன் பாய். ஆனா தங்கச்சிக்குன்னா இது வேணாம். என் உயரத்துக்கு எடுத்தது, அவங்களுக்குச் சேராது" என்றான் சூரியபிரகாஷ். சுவரில் மாட்டியிருந்த ஒரு சின்ன வெள்ளை பைக்கைக் காட்டினான். "அது என் வைஃபோடது. தங்கச்சிக்கு அதுதான் அளவு. ரோகிணி விக்கிறாளான்னு இன்னும் முடிவு பண்ணல. ஒரு வாரம் பொறுங்களேன்."

சேக் இஸ்மாயிலுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கையிலிருக்கிற சரக்கு உங்களுக்கு ஆகாது என்று இழுத்துப் பிடிப்பது, விற்காத சரக்கைக் காட்டி ஆசை மூட்டுவது. இரண்டையும் அவரே எத்தனை கல்யாண வீட்டுக்காரர்களிடம் செய்திருக்கிறார். வேறு எவனோ கூடுதலாகக் கேட்டிருக்கிறான், அதுதான் விஷயம்.

"முப்பது" என்றார்.

"விலை இல்ல பாய் பிரச்சனை."

ஆயிஷா பைக்கின் மேல் ஏறிப் பார்த்தாள். சீட்டை அடிமட்டம் இறக்கியும் பெடல் கீழே போகும்போது இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தது. "பெருசா இருக்கு அத்தா. கையும் எட்டல" என்றாள்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு வயதில் ஈரோட்டுச் சந்தைக்கு அழைத்துப்போனபோது அவர் கற்றுக்கொடுத்தது அது. அத்தா கைலியைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பார். மகள் முகத்தைச் சுளித்து, "சாயம் போயிரும் போல இருக்கே அத்தா" என்பாள். பச்சைப் பிள்ளை வாயால் வருகிற குறைக்கு எந்த வியாபாரியும் பதில் வைத்திருக்க மாட்டான். உருப்படிக்கு ஐந்து ரூபாய் இறங்கும். இன்றைக்கும் பிள்ளை இடம்பார்த்து எடுத்துவிட்டாள்.

"கேட்டீங்கள்ல தம்பி, புள்ளைக்கே புடிக்கல. முப்பத்தொண்ணு. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

சூரியபிரகாஷ் ஆயிஷாவைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க."

"பெருசுதான்" என்றாள் மறுபடியும். அத்தா அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவள் பைக்கை விட்டு இறங்கிக்கொண்டாள். வெளியாள் முன்னால் அத்தாவின் பேரத்தை உடைக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

கடை லோடு ஆட்டோவில் பைக்கை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சொன்னாள்: "நெசமாவே பெருசு அத்தா."

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "இன்னும் எதுக்கும்மா? யாவாரந்தான் முடிஞ்சிருச்சே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் திருவாதவூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். வண்டியில் ஏதாவது கோளாறு வெளிப்படும், அதைக் காட்டி ஆயிரமாவது திரும்ப வாங்கலாம் என்று சேக் இஸ்மாயிலும் லோடு ஆட்டோவில் பின்னாலேயே போனார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. செயின் சத்தமில்லாமல் ஓடியது. அவள்தான் கூட்டத்தில் எக்கிப் பார்க்கிற பிள்ளை மாதிரி முன்னால் நீண்டு, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போனாள். கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தாள், காலை ஊன்றப் பார்த்தாள், கால் எட்டவில்லை. பைக்கோடு சாய்ந்து விழுந்தாள்.

அவர் ஓடிப்போய்த் தூக்கினார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் விரல்களை உதறிக்கொண்டிருந்தாள்.

"மரத்துப் போச்சு. இதுல தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அப்புறம் ஓடணும்."

"சொல்லியிருக்கலாம்ல புள்ள."

"ரெண்டு தடவ சொன்னேன். ஆட்டோல ஒரு தடவ."

"நீ யாவாரத்துக்குச் சொல்றேன்னு நெனச்சேன்மா."

ஆயிஷா பைக்கை நிமிர்த்தி ஆட்டோவில் சாய்த்தாள். "அப்ப நான் நெசத்துக்குச் சொல்லணும்னா எப்படிச் சொல்லணும் அத்தா?"

அவர் பைக்கைத் தூக்கி ஏற்றினார். ஆட்டோவைக் கிளப்பினார். நேரே வீட்டுக்குப் போகாமல் விளாங்குடிக்கு விட்டார்.

கதவைத் திறந்தது ரோகிணி. நிறைமாசம், ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு நின்றாள். வெள்ளை பைக் சுவரிலிருந்து இறங்கி, துடைத்து வைக்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டு என்றாள். கறுப்பை விற்ற விலைக்கே எடுத்துக்கொள்வதாக சூரியபிரகாஷ் சொன்னான். முழு விலைக்கா? சேக் இஸ்மாயிலின் பிடரி அரித்தது. எதையோ மறைக்கிறார்கள். அல்லது இவர்கள் யாவாரமே தெரியாத ஜனம்.

"கண்மாய்ப் பக்கம் விழுந்துட்டா தம்பி. இங்க பாருங்க, கீறல்" என்று குழாயின் அடிப்பக்கத்தைக் காட்டினார். சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே நம்பாதவர்போல நின்றார். தன் கைச்சரக்கின் குறையை அவர் யாருக்கும் காட்டியதாக நினைவில்லை.

ஆயிஷா வெள்ளை பைக்கில் தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். இடுப்பு அசையவில்லை. ரோகிணி வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு, அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

ஆயிஷா ரோகிணியைப் பார்த்தாள், பிறகு அத்தாவைப் பார்த்தாள். "நல்லாருக்கு அத்தா. ரொம்ப நல்லாருக்கு."

விற்கிறவர் காதுபட. இத்தனை வருஷத்தில் எந்தச் சரக்கையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. கடையை இரவு முழுக்கத் திறந்துபோட்டு வந்த மாதிரி இருந்தது அவருக்கு. இனி ஐம்பது ரூபாய்கூடக் குறையாது. குறைத்துக் கேட்க நாக்கு எழும்பியது. கடைசியில் சட்டைப்பையைத் துழாவினார். பேரத்துக்கு வாய்ப்பு வந்தால் கைப்பணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஐந்தாயிரத்துக்கு மேல் கொண்டுவந்திருக்கவில்லை.

"மிச்சத்த ரேஸ் முடிஞ்சு குடுங்க பாய்" என்றான் சூரியபிரகாஷ்.

"எதை நம்பித் தம்பி?"

அவன் சிரித்துக்கொண்டே கறுப்பு பைக்கை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

திரும்பும்போது லோடு ஆட்டோ காலியாக இருந்தது. முன்னால் ஆயிஷா ஓட்டிக்கொண்டு போனாள். எதை நம்பிக் கொடுத்தான் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடுகிறதைக் கணக்குப் போட்டார். வெள்ளை முப்பத்தெட்டு. அதில் கறுப்பு முப்பத்தொன்று போக ஏழு. கையால் கொடுத்தது ஐந்து. சிக்னலில் அவள் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றாள். பைக்குக்கு இந்தப் பக்கம் ஒரு பாதம், அந்தப் பக்கம் ஒரு பாதம், இரண்டும் முழுசாகத் தரையில். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தாள்.

பாக்கி இரண்டு.