மூன்று பேர் குரூப்

ஞாயிற்றுக்கிழமை காலையில், செம்பூரில் கோகிலவாணி வீட்டு அடுப்பில் பால் பொங்குவதற்குள் போனில் முதல் ராகப் புதிர் வந்து விழுந்திருக்கும். அவள் ஒரு கையால் அடுப்பைத் தணித்து, மறு கையால் போனைத் தடவுவாள். கணவர் சுரேந்திரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பாலைப் பாரு, ராகம் எங்கயும் ஓடிராது" என்பார்.

வாட்ஸ்அப்பில் அந்தக் குரூப்பில் இருந்தது நாலே பேர். யூடியூபில் ஏதோ ஒரு பழைய கச்சேரியின் கீழே, பாடியது எந்த ராகம் என்று நடந்த சண்டையில் அறிமுகமானவர்கள். சண்டை முற்றிய பிறகுதான் நாலு பேரும் பம்பாய்க்காரர்கள் என்பது தெரிந்தது. ரயிலேறினால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்விடலாம். ஆனாலும் மாட்டுங்காவில் ஒரு தடவை சேர்ந்து டிபன் சாப்பிட்டதைத் தவிர நேரில் அதிகம் பார்த்துக்கொண்டதில்லை. தேவையும் இருக்கவில்லை. போனில் தினமும் கூடவே இருந்தார்கள்.

மாட்டுங்கா வெங்கடராமன் ரயில்வேயில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிரும் கணக்காகவே போடுவார். 'மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக்கிப் பாடினால் யார் வீட்டு வாசலில் போய் நிற்போம்?' என்று கேட்டுவிட்டு, ஹிந்தோளம் என்று யாராவது சொல்லும்வரை காத்திருப்பார். டோம்பிவிலி கணேசபாண்டியனுக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போதே சொல் விளையாட்டாக அடித்து அனுப்புவான். 'காலையில் குடிக்கலாம், கச்சேரி முடிவில் கேட்கலாம், அது என்ன?' காபி என்றொரு ராகம் இருக்கிறது; பதில் சொல்லப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதற்கே அவன் பத்து சிரிப்பு முகம் போடுவான்.

சஃபீனாதான் குறும்புக்காரி. தாராவி தொண்ணூறடி ரோட்டில் அவளும் கணவன் பைசானும் தோல் பை கடை வைத்திருந்தார்கள். பம்பாயில் பிறந்து வளர்ந்தவள்; தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். அவள் புதிர் எப்போதும் ஆடியோ. ஏதாவது ஆலாபனையிலிருந்து கொசுவளவு ஒரு துண்டை வெட்டிப் போடுவாள். வாய் திறந்து மூடும் நேரம்கூட இருக்காது. அதில் ராகம் சொல்ல வேண்டும்.

சொல்லுவாள் கோகிலவாணி. எப்படிச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவில் போகிறவர் முகத்தைப் பார்த்ததும் பெயர் ஞாபகம் வருகிற மாதிரி, கேட்டதும் வந்துவிடும். "குயில் கூவியாச்சு, இனிமே நாமல்லாம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்று வெங்கடராமன் எழுதுவார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவளைக் கோபக்கார மேடம் என்பார்கள். வீட்டில் மகன் துபாய்க்குப் போன பிறகு பேச்சு குறைந்துவிட்டது. அந்தக் குரூப்பில்தான் அவள் குயில்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் எழுந்தபோது வலது காது அடைத்திருந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். ஆபீஸ் ஏசி, ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டாள். காலாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், லீவு கேட்க முடியாது. ஆவி பிடித்தாள், கஷாயம் குடித்தாள். வாரம் தாண்டியும் இரைச்சல் நிற்காமல் டாக்டரிடம் போனபோது, அவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கீழே வைத்தார்.

"முதல்லயே வந்திருக்கணும்மா" என்றார். "இது ஜலதோஷமில்ல. நரம்பு."

மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. போன காது திரும்பவில்லை. அதோடு, இடது காதும் சில வருஷமாகவே அவளுக்குத் தெரியாமல் தேய்ந்துகொண்டிருந்தது என்று பரிசோதனையில் வந்தது. சுரேந்திரன் நல்லதாகப் பார்த்து இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டதும் பேச்சு திரும்பி வந்தது. அழைப்பு மணி, குக்கர் விசில், பக்கத்து ஃப்ளாட் மராத்திக்காரியின் சிரிப்பு எல்லாம் வந்தது. கோகிலவாணிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் போனை எடுத்து, ஆசை ஆசையாகப் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டாள்.

இடது காதில் பாடகர் பாடினார். வலது காதில் அவரே தொண்டை கரகரக்க, அரை ஸ்வரம் மேலே ஏறிப் பாடினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டார்கள். தம்பூரா, மழையடிக்கும் தகரக் கூரையாக இருந்தது. தன் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, சுரேந்திரனின் போனில் போட்டுப் பார்த்தாள். பிறகு டிவியில். பிறகு மெஷினைக் கழற்றிவிட்டு, போனை இடது காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். தூரத்தில் யாரோ போர்வைக்குள் முனகுகிற மாதிரி ஏதோ வந்தது.

"பழகிரும்னு டாக்டர் சொன்னாரே" என்றார் சுரேந்திரன்.

"பேச்சுக்குச் சொன்னார். பாட்டுக்கு இல்ல."

குரூப்பில் அவள் இதைச் சொல்லவில்லை. எழுத்துப் புதிர் வந்தால் முந்திக்கொண்டு பதில் எழுதினாள். ஆடியோ வந்தால், மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாள். மற்றவர்கள் சொன்ன பிறகு, 'நானும் அதையேதான் நினைச்சேன்' என்று போடுவாள். எத்தனை நாள் அப்படி ஓட்ட முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சஃபீனா வழக்கத்துக்கு மாறாக நீளமான துண்டாகவே போட்டிருந்தாள். எல்லோரும் குயிலுக்காகக் காத்திருந்தார்கள். கோகிலவாணி குருட்டாம்போக்கில் மோகனம் என்று அடித்தாள்.

அது தோடி.

அதையும் இதையும் மாற்றிச் சொல்ல, சங்கீதம் பக்கமே போகாத சுரேந்திரனாலும் முடியாது. 'குயிலுக்குத் தொண்டை கட்டிண்டுடுத்து போலிருக்கே' என்று வெங்கடராமன் எழுதினார். கணேசபாண்டியன் சிரிப்பு முகங்களை வரிசையாக அடுக்கினான். கோகிலவாணிக்கு முகம் சூடேறியது. 'இந்த லட்சணத்துல ரெக்கார்டிங் போட்டா எவனுக்குப் புரியும்? வேலை வெட்டி இல்லாதவங்க விளையாட்டு இது' என்று அடித்து அனுப்பிவிட்டு, போனைக் கட்டில் மேல் எறிந்தாள்.

இரண்டு நாள் கழித்து சஃபீனா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கடையைப் பைசானிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"நாலு தடவ போன் அடிச்சேன். எடுக்கவே இல்லையேக்கா. எம்மேல கோவமா?" என்றாள்.

கோகிலவாணி காதோரம் இருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். சஃபீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அல்லா" என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் பேசுறது கேக்குதுல்லா?"

"நல்லாக் கேக்குது. பாட்டுதான்..." கோகிலவாணி மெஷினைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டு காதும் ரெண்டு சுருதிடீ. எதைப் போட்டாலும் சண்டை போடுது."

"சார்ட்டயும் பாண்டியன் அண்ணன்ட்டயும் சொல்லிருங்கக்கா. அவுங்க பாவம், ஒண்ணும் தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்காங்க."

சஃபீனா இருக்கும்போதே கோகிலவாணி குரூப்பில் நாலு வரி எழுதிப் போட்டாள். உடனே வெங்கடராமனிடமிருந்து பதில் வந்தது. 'கோகிலா, எனக்குத் தெரியாது. நான் அப்படி எழுதியிருக்கப்படாது. இனிமே நம்ம குரூப்பில் ஆடியோ கிடையாது. எழுத்து மட்டும்தான்.' கணேசபாண்டியன் கும்பிடும் கைகளைப் போட்டான். அன்றைக்குக் கோகிலவாணி நன்றாகச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாள் நன்றாகவே நடந்தது. மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். 'குயில் கூவும் ஸ்வரம் எது?' என்று வெங்கடராமன் கேட்டார். பஞ்சமம் என்று அவள் எழுதினாள். பிறகு கேள்விகள் தேய ஆரம்பித்தன. கணேசபாண்டியன் காபிப் புதிரையே மறுபடியும் போட்டான். தீபாவளி போய்ப் பொங்கலும் வந்தபோது, பூப்படம் போட்ட காலை வணக்கம்தான் மிஞ்சியது. எல்லோருக்கும் சலித்துவிட்டது போல, எந்த விளையாட்டும் எத்தனை நாள்தான் போகும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் ஆபீஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். குரூப்பில் கணேசபாண்டியனிடமிருந்து ஓர் ஆடியோ வந்தது. கீழேயே, 'வெங்கடராமன் சார், நேத்து மாதிரி ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிராதீக' என்று ஒரு வரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் அழிந்தன. செய்தி நீக்கப்பட்டது என்ற எழுத்து மட்டும் நின்றது.

நேற்று குரூப்பில் புதிரே இல்லை. கோகிலவாணி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்து, பின்னால் இருந்தவள் "சலோ ஆண்ட்டி" என்று தள்ளியபோதுதான் நகர்ந்தாள்.

சாயங்காலம் நேரே தாராவிக்குப் போனாள். கடையில் சஃபீனா தோள் பைகளுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"தனி குரூப் எப்ப ஆரம்பிச்சீங்க?" என்றாள் கோகிலவாணி.

சஃபீனா மழுப்பவில்லை. "மழ விட்டதுமே. பாண்டியன் அண்ணன்தான் ஆரம்பிச்சாவ."

"மூணு பேரும்."

"ஒங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னுதாங்க்கா சொல்லல. ஒங்களுக்குக் கேக்காதத ஒங்க கண்ணு முன்னால போட்டா நல்லாவா இருக்கும்? அதுக்காவ..." அவள் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினாள். "அதுக்காவ எங்களுக்கும் கேக்காம இருக்க முடியலக்கா."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கோகிலவாணிக்குத் தாங்கவில்லை. பைசான் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, நிலைமை புரிந்து வெளியே போனான். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"என்னையும் அதுல சேரு" என்றாள்.

"அங்க வந்து என்னக்கா செய்வீங்க?"

"இருப்பேன்."

சஃபீனா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

புதுக் குரூப்பில் சஃபீனா அவளைச் சேர்த்தாள். 'வாங்கோ' என்று மட்டும் வெங்கடராமன் எழுதினார். அவள் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மாதக்கணக்கில் ஆடியோக்கள், சண்டை, கேலி, சமாதானம். நடுவில் ஓரிடத்தில், 'குயில் இருந்தா இப்ப சொல்லியிருக்கும்' என்று அவர் எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சஃபீனா தயங்கித் தயங்கி ஒரு துண்டைப் போட்டாள். கோகிலவாணி அதை அழுத்தவில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தபைரவி என்றார் வெங்கடராமன். இல்லை, ரீதிகௌளை என்றான் கணேசபாண்டியன். இரண்டும் அக்கா தங்கை மாதிரி. துண்டு சிறியதானால் யாரானாலும் ஏமாறுவார்கள். சண்டை வளர்ந்தது.

அவள் எழுதினாள்: 'மேலே போகும்போது பஞ்சமத்தைத் தொட்டுட்டுப் போறதா?'

அவர்கள் துண்டை மறுபடி போட்டுக் கேட்டார்கள். 'தொடலக்கா' என்று கணேசபாண்டியன் எழுதினான்.

'மேல் ஸாவுக்குப் போறதுக்கு முன்னால நிஷாதத்துல ரெண்டு தரம் அழுத்தறாரா?'

'ஆமா ஆமா' என்று வந்தது. அவன் துள்ளுவது எழுத்திலேயே தெரிந்தது.

'அப்ப ரீதிகௌளை. சார், நீங்க தோத்தாச்சு.'

குரூப்பே குலுங்கியது. மூன்று பேரும் கைதட்டல்களாகப் பொழிந்தார்கள். 'கேக்காமலே பிடிச்சுட்டியே, உன்னை யாரால ஜெயிக்க முடியும்' என்று வெங்கடராமன் எழுதினார். அவர் சந்தோஷத்தில்தான் எழுதினார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கும்பிடு போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சுரேந்திரன் பேப்பரை மடித்தார். "என்ன, ரொம்ப நாளைக்கப்புறம் ஜெயிச்சாப்ல இருக்கு?"

"ஆமா. ரீதிகௌளை."

"யார் பாடினது? நல்லா இருந்துச்சா?"

கோகிலவாணி அடுப்பைத் தணித்தாள். பால் இன்னும் பொங்கவில்லை.

"ரொம்ப நல்லாப் பாடியிருக்காராம்" என்றாள்.

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.