பியட் காரில் கேட்ட பேச்சு

ஜோசஃபினுக்குப் புருஷனோடு மனம்விட்டுப் பேசக் கிடைத்த இடம் அந்தப் பழைய பியட் கார் ஒன்றுதான். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், போதாததற்கு ஓயாத டி.வி. காலையில் ரெமிஜியஸ் பீன்யாவில் உள்ள தொழிற்சாலைக்குப் போகும் வழியில், மல்லேஸ்வரத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவான். முக்கால் மணி நேரம். பிள்ளைகளின் படிப்பு, நாத்தனார் கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான்.

தொண்ணூற்றேழில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காது கேட்கும் சக்தியில் பாதியைக் கொண்டுபோயிற்று. டாக்டர் காது மிஷின் எழுதிக்கொடுத்தார். ரெமிஜியஸ் மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்து அதை வாங்கினான். வகுப்பில் மிஷின் நன்றாகவே உழைத்தது. காரில் ஏறினால்தான் வம்பு. அதற்குப் பேச்சும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான். கதவுத் தகரத்தின் அதிர்வு, இன்ஜினின் உறுமல் எல்லாவற்றையும் வாரிக் காதுக்குள் கொட்டியது. கன்டோன்மென்ட் தாண்டுவதற்குள் தலை விண்விண்ணென்று தெறிக்கும்.

ஒரு நாள் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். தலைமுடி காதை மூடியிருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படியே ஆனது. அவன் ரோட்டைப் பார்த்தபடி பேசுவான். அவன் உதடு அசைவதைப் பார்த்து அவள் தலையாட்டுவாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான்.

"ஹோசூர் யூனிட்டுக்கு மாத்தறாங்க, ரெண்டு வருஷத்துக்கு வாரம் ஒருதரம்தான் வீட்டுக்கு வரமுடியும்னு காலைல சொன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே தலையாட்டறே. நான் இல்லாம இருந்தா உனக்கு அவ்ளோ சந்தோஷமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்லைங்க. கார் சத்தம் தாங்காம மிஷினைக் கழட்டிடறேன். ஏழு மாசமா."

கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவன் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தான்.

"அப்போ ஏழு மாசமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முட்டைக் கடையிலிருந்து அட்டைத் தட்டுகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்தான். அவற்றைக் கதவுகளில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொன்னார்களாம். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பியபோது, அவனோடு வேலை செய்யும் கன்னடக்காரன் கிருஷ்ணப்பா, கார் சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசலில் காத்திருந்தான். அட்டைகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணா, இது என்ன எதிரொலிக்கிற ரூமா? சும்னே முட்டை அட்டை எதுக்கு?" விரல் முட்டியால் கதவைத் தட்டினான். டங்ங் என்று நீண்டு ஒலித்தது. "தகரம் துடிக்குது பாருங்க. அந்தத் துடிப்பை நிறுத்தணும்."

தன் வீட்டு மாடி ஒழுகலை அடைத்ததில் மிச்சமான தார் ஷீட் ஒரு சுருளைக் கிருஷ்ணப்பா கையோடு கொண்டுவந்திருந்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டி, இளகும்வரை வெயிலில் போட்டார்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, தகரத்தைத் துடைத்து, துண்டுகளை ஒட்டினார்கள். காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்த ஏதாவது வேண்டும் என்றபோது ஜோசஃபின் சப்பாத்திக் குழவியையே கொண்டுவந்து நீட்டினாள்.

"அடில தண்ணி வடியற ஓட்டையை மட்டும் மூடிடாதீங்க அண்ணா. துரு பிடிச்சிரும்" என்றான் கிருஷ்ணப்பா.

தரையிலும் தார் ஷீட்; அதன்மேல் பிரேசர் டவுன் மெத்தைக் கடையில் வாங்கிய கனமான கம்பளித் துண்டு; அதற்கும் மேல் ரப்பர் பாய். டாஷ்போர்டுக்குப் பின்னால், இன்ஜின் பக்கமிருந்து ஒயர்கள் வரும் ஓட்டைகளைப் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி அடைத்தார்கள். எல்லாம் முடிய மூன்று மணி ஆயிற்று. கிருஷ்ணப்பா மறுபடி கதவைத் தட்டினான். டப் என்று அடங்கியது, அரிசி மூட்டையைத் தட்டினாற்போல.

திங்கட்கிழமை மிஷினோடு காரில் உட்கார்ந்தாள். சத்தம் போய்விடவில்லை. இன்ஜின் இருந்தது, ஹாரன்கள் இருந்தன. ஆனால் எல்லாம் கொஞ்சம் தள்ளி, அதனதன் இடத்தில் இருந்தன. அவன் தொண்டையைச் செருமினான்.

"ஜோ! கேக்குதா?"

"கத்தாதீங்க. கேக்குது."

ஹோசூர் விஷயத்தை முதலிலிருந்து சொன்னான். அவள் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டாள்.

"கல்யாணம் ஆகாத பசங்க யாராச்சும் போறாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

கேட்டான். ஹோசூரிலேயே அக்கா வீடு இருக்கும் ஒருவன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு ஒரு பிளம் கேக் செய்து எடுத்துக்கொண்டு, இருவரும் தாசரஹள்ளியில் கிருஷ்ணப்பாவின் வீட்டுக்குப் போனார்கள்.

"ஐயோ அக்கா, மிச்ச தார் ஷீட்டுக்கு யாராவது கேக் குடுப்பாங்களா?" என்று அவன் கூச்சத்தோடு சிரித்தான்.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்திருந்தாள். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று மட்டும்தான் சொன்னாள். அவன் மனைவி புரிந்துகொண்டவள்போல அவள் கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்தாள்.

திரும்பும்போது யஷ்வந்த்பூரில் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் யாரும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மழை அதன்மேல் மத்தளம் கொட்டியது. ரெமிஜியஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கடையின் முன்னால் நீண்டிருந்த கான்கிரீட் கூரைக்கடியில் காரை ஒதுக்கி இன்ஜினை நிறுத்தினான்.

"மழை விடட்டும். அவசரமில்ல" என்றான்.

அதுவும் அவளுக்குக் கேட்டது.