முக்கால் அங்குலத் தேக்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. கதையென்றாலே பொய்தானே என்பீர்கள். அந்தப் பொய் வேறு, இது வேறு. பிறகு சொல்கிறேன், இப்போது வாய் வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை ஓய்ந்த ஒரு காலையில், பர்மாவில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையின் தேவாலய வளாகத்தில் நின்ற வெள்ளை டிரெய்லர்...

[நிறுத்திவிட்டேன். அன்று மழை ஓயவே இல்லை.]

2

டிரெய்லர் ஒரு நடமாடும் மருத்துவமனை. பொத்தானை அமுக்கினால் பக்கச் சுவரோடு ஒரு சிறு அறை வெளியே நீளும். அதை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் வண்டி சாலையில் போகமுடியும். அறையின் ஓரமாக மழைநீர் இறங்கி, அதையொட்டிய தரைப் பிளைவுட் ஊறி உளுத்துவிட்டது. நடத்தியவள் நர்ஸ் பெர்சிஸ்; மரியாதைக்கு அவளை நான் 'ஸயாமா' என்பேன், அவள் என்னைக் 'கோ', அதாவது அண்ணன், என்பாள். நான் ஜுல்ஃபிகர், மரக்கடைக்காரன். எழுத்து எனக்கு ஓய்வுநேரப் பைத்தியம்.

புதுப் பிளைவுட்டின் மேல் மெல்லிய வினைல் விரிப்பு போதும், தரை உயர்ந்தால் அறை உள்ளே வராது என்று அவள் தெளிவாகவே சொன்னாள். எனக்கோ வறட்டு ரோஷம். தேக்கு விற்கிறவன் தர்மத்துக்குச் செய்கிற வேலையில் பிளாஸ்டிக்கை விரிப்பானா? மேலே முக்கால் அங்குலத் தேக்குப் பலகை அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் 'ஹ்லாடே', அழகாயிருக்கிறது என்று பர்மியத்தில் புகழ்ந்தார்கள்.

3

(பெர்சிஸை முதல் வரைவில் அழுமூஞ்சியாக்கினேன், இரண்டாவதில் சண்டைக்காரியாக்கினேன். பழி கொஞ்சமாவது அவள் பக்கம் சாயட்டுமே என்றுதான். நிஜத்தில் அவள் கேட்டது ஒரே கேள்வி.)

"மூடிப் பாத்தீங்களா, கோ ஜுல்ஃபி?"

"பாத்தாச்சு, ஸயாமா."

பார்க்கவில்லை. மருந்துப் பெட்டிகள் வழிமறித்துக் கிடந்தன, நகர்த்தச் சோம்பல். இதுதான் அந்தப் பொய்.

4

ஐந்து மாதம் வண்டி அசையவில்லை. பிறகு மார்ச்சில் ரமலானின் கடைசி ஜும்மா நாளில், வடக்கே தொலைவில் மண்டலே நிலநடுக்கத்தில் குலுங்கியது. மாலையே அங்கே கிளம்பத் தயாரான பெர்சிஸ் பொத்தானை அமுக்கினாள். அறை பாதி வந்து தேக்கில் முட்டி நின்றது. மறுபடி அமுக்கியதில் மோட்டாரும் புகைந்தது.

நோன்பு திறந்த கையோடு கடப்பாரை எடுத்து என் பலகைகளை நானே பெயர்த்தேன். வேறு மோட்டார் கிடைத்து வண்டி புறப்பட மூன்றாம் நாள் ஆகிவிட்டது.

5

முடிவு அ: அறை மூடிக்கொள்கிறது. அன்று மாலையே வண்டி

[இதை எழுத வெட்கமாக இருக்கிறது.]

முடிவு ஆ: பெயர்த்த பலகைகளைப் பெர்சிஸ் கூடவே எடுத்துப்போகிறாள். முறிந்த கைகால்களுக்கு அவற்றை வைத்துக் கட்டுகிறாள். என் தேக்கு வீண்போகவில்லை.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளிடமே படிக்கக் கொடுத்தேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பொறுமையாகப் படித்துவிட்டு, அந்த வரிகளை மட்டும் பேனாவால் அடித்தாள்.

"கட்டுப் போடற நேரத்துல நாங்க அங்க இல்லையே."

அந்த இரண்டு நாளில் போனவர்கள் யார், எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

6

தரையை வேறு ஆளிடம் கொடுப்பாள் என்றிருந்தேன். என்னையே கூப்பிட்டாள். வினைல் விரித்தேன். மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இறக்கினேன். இம்முறை அவள் எதுவும் கேட்கவில்லை. தானே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். பொத்தானில் விரலை வைத்தேன்.

மிச்சத்தை நீங்கள்தான் எழுதவேண்டும். அறை மூடிக்கொண்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை.